ஒரு பூ ஓர் இனமாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னிக் காடுகளில் பாலை, வீரை மரங்களில் ஒட்டி வளரும் ஓர்கிட்டுகள் பூக்கத் தொடங்கினால் முகநூலிலும், சில வேளை பத்திரிகைகளிலும், ஒரு படம் வரும். கீழே ‘வன்னியில் புதிய ஓர்கிட் இனம்’ என்று எழுதியிருக்கும். பெரும்பாலும் அது இங்கே எல்லாரும் அறிந்த வண்டா டெசலாட்டா என்ற ஓர்கிட்தான். உதடு (மற்ற இதழ்களிலிருந்து வேறுபட்டு நிற்கும் இதழ்) வழக்கத்தைவிட வெளிறியிருக்கும், அல்லது இதழின் கட்டங்கட்டமான கோலம் மங்கியிருக்கும். படம் எடுத்தவரைக் குறை சொல்வதற்கில்லை. அவர் கண்ட வேறுபாடு உண்மையானது. ஆனால் வேறுபாடு வேறு, வேற்றினம் வேறு. முன்னதிலிருந்து பின்னதற்குப் போகச் செய்யவேண்டிய வேலை நிறைய உண்டு. அந்த வேலையின் பெரும் பங்கை ஆய்வுகூடம் இல்லாமல், அடிமட்டமும் வரைபுத்தாளும் கொண்டு வன்னியிலேயே செய்யலாம் என்பதால் இதை எழுதுகிறோம்.

பத்திரிகைக்கே உரிய ஒரு விடயத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். தாவரங்களுக்குப் பெயரிடுவதற்கான சர்வதேச விதிக்கோவையின்படி, 1953 சனவரி 1ஆம் திகதி முதல் விஞ்ஞானம் சாராத செய்தித்தாளில் வரும் புதிய தாவரப் பெயர் வெளியிடப்பட்டதாகவே கணக்கில் எடுக்கப்படாது. ஆகவே ‘வன்னியென்சிஸ்’ என்று எவராவது ஒரு பெயரைக் கட்டித் தலைப்பாகப் போட்டாலும், தாவரவியலில் அப்படியொரு பெயர் பிறக்கவே இல்லை. பெயர் நிலைக்க ஒரு மூலமாதிரி வேண்டும். அதாவது அந்தப் பெயர் என்றைக்கும் கட்டுண்டிருக்கும் ஒரு பதப்படுத்திய செடி, உலர்தாவரச் சாலை ஒன்றில் இருக்க வேண்டும். கூடவே இலத்தீனிலோ ஆங்கிலத்திலோ விவரணம் வேண்டும். 1935 முதல் 2011 வரை இலத்தீன் மட்டுமே ஏற்கப்பட்டது.

எங்கள் பக்கத்தில் மரத்தில் வளரும் ஓர்கிட்டுகளில் குழப்பம் தருபவை சிலதான். வண்டா டெசலாட்டா எல்லாருக்கும் தெரிந்தது: வார் போன்ற, நடுவில் மடிந்த இலை, கடித்துவிட்டதுபோல் பல்லுப் பல்லான இலை நுனி, நாலைந்து சென்ரிமீற்றர் அகலப் பூ, பச்சை மஞ்சளில் மண்ணிறக் கட்டங்கள், ஊதா கலந்த நீல உதடு. வண்டா டெஸ்டேசியாவின் பூ அதில் பாதியளவுதான். டப்ரோபேனியா ஸ்பதுலாட்டாவுக்குப் பொன்மஞ்சள் பூவும் நீண்டு ஏறும் தண்டும். இவை தவிர லுயிசியா, அகாம்பே, சிம்பீடியம் என்று சில. இவற்றையெல்லாம் குருவிச்சையோடு ஒன்றாக எண்ணி வெட்டி எறிவோரும் உண்டு. குருவிச்சை மரத்தின் கட்டைக்குள் வேரை இறக்கி உறிஞ்சும். ஓர்கிட்டின் வேர் பட்டையைப் பற்றிப் பிடித்திருப்பதோடு சரி. கத்தியால் பட்டையைச் சற்றுச் சீவிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

டப்ரோபேனியாவின் கதை ஒரு பாடம். லின்னேயஸ் 1753இல் அதை எபிடென்ட்ரம் என்ற சாதியில் (நெருங்கிய இனங்களை ஒன்றாக வைக்கும் தொகுதியில்) வைத்தார். பிறகு அது வண்டாவுக்குப் போனது. 1992இல் கிறிஸ்டென்சன், இலங்கையின் பழைய பெயரான தப்ரபேனை வைத்து அதற்கெனத் தனிச் சாதியே அமைத்தார். சாதிப் பெயர் இவ்வளவு அலைந்தபோதும் ‘ஸ்பதுலாட்டா’ என்ற இனப் பெயர் 270 வருடங்களாக அசையவில்லை. சாதி என்பது உறவைப் பற்றிய கருத்து; புதிய சான்று வந்தால் மாறும். இனம் என்பது வெளியில் கிடக்கும் ஓர் இடைவெளி. அந்த இடைவெளி உண்மையாக இருந்தால், யார் பார்த்தாலும் அதே இடத்தில்தான் இருக்கும். இடைவெளி இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதுதான் மாறல் ஆய்வு. அழகான ஒரு செடியை மட்டும் பார்த்தால் அது தெரியாது; கூட்டத்தைப் பார்க்க வேண்டும்.

எத்தனை செடி பார்ப்பது? ஓரிடத்தில் 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தில் ஒன்றாக இருக்கும் ஒரு வடிவம் 30 செடிகளில் ஒருமுறையாவது கண்ணில் பட 96 வீத வாய்ப்பு உண்டு. நூற்றில் ஒன்றாக இருக்கும் வடிவத்துக்கு அந்த வாய்ப்பு 26 வீதம்தான். அதை 95 வீத உறுதியோடு காண 299 செடி பார்க்க வேண்டும். வெள்ளை உதட்டுப் பூ ஒன்றைக் கண்டவுடன் ‘இதுவரை யாரும் காணாதது’ என்று சொல்வது ஏன் ஆபத்து என்பது இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. இதுவரை யாரும் 299 செடியை எண்ணிப் பார்க்கவில்லை என்பதற்கு மேல் அது எதையும் காட்டாது.

அந்த 30ஐயும் கண்ணுக்குப் பிடித்த மாதிரி பொறுக்கக் கூடாது. காட்டுப் பாதையில் ஒரு நேர்கோட்டைத் தீர்மானித்து, இரு பக்கமும் பத்து மீற்றருக்குள் பூத்திருக்கும் செடிகளை வரும் ஒழுங்கில் எடுங்கள். ஒரு மரத்துக்கு ஒரு செடி மட்டும். வண்டாவின் தண்டு முறிந்து கீழ்க்கிளையில் தங்கினால் அங்கேயே வேர்விட்டுவிடும். ஒரே பாலையில் தெரியும் ஐந்து செடிகளும் ஒரே செடியின் துண்டுகளாக இருக்கலாம். அவற்றை ஐந்தாக எண்ணினால் மாறல் குறைவாகத் தெரியும், பக்கத்துக் காட்டிலிருந்து உள்ள வேறுபாடு பெரிதாகத் தெரியும். இல்லாத இனம் ஒன்று கடதாசியில் முளைப்பதற்கு இது முதற் காரணம். கைக்கு எட்டும் செடிகளை மட்டும் எடுப்பதிலும் ஒரு கோணல் உண்டு: கீழே இருப்பவை நிழற்செடிகள். ஏணி கொண்டுபோக முடியாவிட்டால், தரையிலிருந்து எத்தனை மீற்றர் உயரம், வெயில் எவ்வளவு படுகிறது என்பதையாவது எழுதிக்கொள்ளுங்கள்.

எந்தப் பூவை அளப்பது என்பது அடுத்தது. வண்டாவின் பூந்துணர் (பூங்கொத்து) அடியிலிருந்து மலரும். நுனிப் பூக்கள் பொதுவாகச் சிறியவை. ஒரு செடியில் அடிப் பூவையும் இன்னொன்றில் நுனிப் பூவையும் அளந்தால் அளவில் வரும் வித்தியாசம் உங்கள் கை செய்த வித்தியாசம். அடியிலிருந்து மூன்றாம் பூ என்று ஒரு விதி வைத்து, எல்லாச் செடியிலும் அதையே எடுங்கள். மலர்ந்த முதல் நாளில் இதழ் முழுதாக விரிந்திருக்காது, நிறமும் ஏறியிருக்காது. மூன்றாம், நான்காம் நாள் நல்லது.

பூவைத் தொடுவதற்கு முன் அதன் நடுத் தம்பத்தின் நுனியை வில்லையால் பாருங்கள். அங்கே மூடி போன்ற மகரந்தக் கூடு இருக்கிறதா, அடியில் இரண்டு மஞ்சள் மகரந்தப் பொதிகள் இருக்கின்றனவா? இல்லையென்றால் பூச்சி வந்துபோய்விட்டது. பூச்சி வேறொரு பூவின் பொதியைச் சூலகமுடியில் ஒட்டிவிட்டுப் போயிருந்தால் பூ எதிலீன் வாயுவை வெளியிடும். ஓரிரு நாளில் நிறம் வெளிறி இதழ் சுருங்கும். வண்டாப் பூக்கள் இந்த வாயுவுக்கு மிகவும் இளகியவை. வாகனப் புகையிலும் சேனை எரிக்கும் புகையிலும் இதே வாயு இருப்பதால், வீதியோர மரத்துப் பூவும் எரித்த காணி அருகிலுள்ள பூவும் மகரந்தம் சேராமலே வெளிறலாம். ‘வெளிறிய உதட்டுப் புதிய இனம்’ என்று சுற்றும் படங்களில் ஒரு பங்கு இந்த வகையாகத்தான் இருக்க வேண்டும். நிறத்தைக் காலை 7 மணிக்கும் 9 மணிக்கும் இடையில், நேர் வெயில் படாத வெளிச்சத்தில், சாம்பல் நிற அட்டை ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள். கைபேசிக் கமரா ஊதாவையும் நீலத்தையும் பிழையாகக் காட்டக்கூடும் என்பதால் படத்தை மட்டும் நம்பாமல், 1 முதல் 5 வரை நிறம் அச்சிட்ட ஓர் அட்டையோடு ஒப்பிட்டுக் கண்ணாலும் குறித்துக்கொள்ள வேண்டும். எல்லாருக்கும் ஒரே அட்டை. இல்லையெனில் ஒருவருடைய 3 இன்னொருவருடைய 4 ஆகிவிடும்.

அளப்பதற்கு ஒரு செடிக்கு ஒரு பூ போதும். மற்றப் பூக்கள் செடியிலேயே இருக்கட்டும். பூவைப் பிரித்து மூன்று புல்லி இதழ், இரண்டு அல்லி, உதடு, தம்பம் என ஏழு பகுதிகளையும் அகலமான செலோடேப்பின் ஒட்டும் பக்கத்தில் முகம் கீழாக வைத்து, மில்லிமீற்றர் வரைபுத்தாளில் ஒட்டிவிடுங்கள். உதடு தட்டையாகாது, அதன் பக்கச் சோணைகளை (பக்க மடல்களை) அடியில் ஒரு சிறு வெட்டுப் போட்டு விரிக்க வேண்டும். பின்பக்கத்துத் தேன்குழலை ஒட்டுவதற்கு முன்பே அளந்துவிட வேண்டும், ஏனென்றால் நசுங்கியபின் அதன் நீளம் பொய் சொல்லும். தாளின் மூலையில் செடி இலக்கம், திகதி, மரத்தின் பெயர். இந்தத் தாளை அன்றைக்கே படமெடுங்கள்; இரண்டாம் நாளில் இதழ் காய்ந்து சுருங்கத் தொடங்கும்.

அளவுகள் எட்டோ பத்தோ போதும். மேற்புல்லியின் நீள அகலம், அல்லியின் நீள அகலம், உதட்டு நடுச்சோணையின் நீளம், அதன் மிகப் பெரிய அகலம், அந்த அகலம் அடியிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, பக்கச் சோணை நீளம், தேன்குழல் நீளம், தம்ப நீளம். இவற்றோடு ஒரு துணரில் எத்தனை பூ, நடுத்தண்டிலுள்ள முதிர்ந்த ஓர் இலையின் நீள அகலம். வேணியர் இடுக்கிமானி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் வரைபுத்தாளில் அரை மில்லிமீற்றர் வரை வாசிக்கலாம். பத்துப் பூக்களை மட்டும் இரண்டு பேர், ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்காமல், தனித்தனியே அளந்து பாருங்கள். இரண்டு பேருக்கும் இடையில் ஒரு மில்லிமீற்றர் வருகிறதென்றால், ஒரு மில்லிமீற்றர் வித்தியாசத்தை வைத்து இனம் பிரிக்கும் பேச்சு அதோடு முடிந்தது.

எல்லா உறுப்பும் ஒரே அளவில் மாறுவதில்லை. பின்வருவது கணக்கு விளங்குவதற்கான கற்பனை எண். எந்தக் காட்டிலும் அளந்ததல்ல. ஐந்து செடியில் நடுச்சோணை 14, 15, 16, 15, 15 மில்லிமீற்றர் என்றால் சராசரி 15, நியம விலகல் (அளவுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்திருக்கின்றன என்பது) 0.71. நியம விலகலைச் சராசரியால் வகுத்து 100ஆல் பெருக்கினால் மாறற்குணகம் 4.7 வீதம். அதே ஐந்து செடியின் இலை 180, 240, 300, 210, 270 மில்லிமீற்றர் என்றால் சராசரி 240, நியம விலகல் 47.4, மாறற்குணகம் 19.8 வீதம். இரண்டையும் நூற்று வீதத்தில் வைத்தால்தான் ஒப்பிடலாம். மில்லிமீற்றரில் வைத்தால் பெரிய உறுப்பு எப்போதும் அதிகம் மாறுவதுபோலத் தோன்றும். இலை இப்படி அலைவதற்குக் காரணம் நிழல், தண்ணீர், மரத்தின் பட்டை. தம்பமும் உதட்டின் அடியும் ஒடுங்கி நிற்பதற்குக் காரணம் பூச்சி: பொதி பூச்சியின் உடலில் சரியான இடத்தில் ஒட்டாவிட்டால் விதை இல்லை, ஆகவே விலகிப் போன அளவுகள் தலைமுறை தலைமுறையாகக் கழிக்கப்படுகின்றன. இனம் பிரிக்க இலை நீளத்தைப் பிடித்துக்கொள்வோர் நிழலை அளக்கிறார்கள், செடியை அல்ல.

அளவுகள் கைக்கு வந்ததும் ஒவ்வோர் உறுப்புக்கும் எத்தனை செடி எந்த அளவில் விழுகிறது என்று கட்டம் போடுங்கள். ஒரு மேடு வந்தால் ஒரு கூட்டம். இரண்டு மேடு வந்தாலும் அவசரப்படாதீர்கள். ஓர் உறுப்பு மட்டும் இரண்டாகப் பிரிவது ஒரேயொரு மரபணுவின் வேலையாக இருக்கலாம். ஊதாச் சாயத்தை உண்டாக்கும் வழியில் ஒரு படி அறுந்தால் பூ வெள்ளை அல்லது வெறும் பச்சைமஞ்சள் ஆகும். அப்படியான செடிகள் சாதாரணச் செடிகளின் பிள்ளைகளாக, ஒரே காயின் விதைகளிலிருந்துகூட வரலாம். உதடு மற்ற அல்லிகளைப் போல் சமச்சீராக ஆகிவிடும் பூக்களும் அப்படித்தான். பார்க்க மிக விநோதம். பெறுமதி நிறத்துக்கு உள்ளதைவிட அதிகமில்லை.

இரண்டு உறுப்புகள் சேர்ந்து பிரிகின்றனவா என்பதே கேள்வி. வரைபுத்தாளில் கிடையாக நடுச்சோணையின் நீள அகல விகிதம், நிலையாகத் தேன்குழல் நீளம். செடிக்கு ஒரு புள்ளி. சாதாரண உதட்டுக்குக் கறுப்புப் புள்ளி, வெளிறியதற்கு வெறும் வட்டம், கட்டக்கோலம் இல்லாததற்கு ஒரு வால் போட்ட புள்ளி. அமெரிக்காவின் எட்கர் அண்டர்சன் ஐரிஸ் செடிகளின் கலப்பைப் பிடிக்க வளர்த்தெடுத்த முறை இது. கணினி இல்லாத காலத்தது, இன்றைக்கும் இதைவிட நேர்மையான படம் இல்லை என்பது எங்கள் அபிப்பிராயம். வெறும் வட்டங்கள் கறுப்புப் புள்ளிகளுக்குள் சிதறிக் கிடந்தால் அது நிறவடிவம் மாத்திரம். வெறும் வட்டங்கள் எல்லாம் தனி முகிலாக ஒதுங்கி, நடுவில் வெற்றிடம் இருந்து, இரண்டு முகில்களும் ஒரே காட்டில் ஒரே நாளில் பூத்த செடிகளிலிருந்து வந்தவை என்றால், அப்போதுதான் நிமிர்ந்து உட்கார வேண்டும். ஒரே இடத்தில் வாழ்ந்தும் கலக்காமல் இருப்பதைவிட வலுவான சான்று வெளிப்புற உருவத்தில் கிடைக்காது.

முகில்கள் இரண்டும், நடுவில் சங்கிலிபோல இடைநிலைப் புள்ளிகளும் இருந்தால் கலப்பைச் சந்தேகியுங்கள். ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு பக்கத்துத் தன்மைக்கு 0, இடைநிலைக்கு 1, மறுபக்கத்துத் தன்மைக்கு 2 கொடுத்துக் கூட்டினால் கலப்புச் சுட்டெண் வரும். ஆறு உறுப்பென்றால் பூச்சியத்திலிருந்து 12 வரை. புள்ளிகள் 6ஐச் சுற்றி மட்டும் கூடினால் முதற் தலைமுறைக் கலப்பு. 0 முதல் 12 வரை பரவினால் கலப்புகள் மீண்டும் தாய் தந்தையோடு சேர்ந்துகொண்டிருக்கின்றன.

முகில்கள் வெவ்வேறு இடத்துச் செடிகள் என்றால் விடை இன்னும் வரவில்லை. வவுனியாவில் 30, பரந்தனில் 30 அளந்து ‘இரண்டும் வேறு’ என்று சொன்னால், நடுவிலுள்ள காட்டை மறந்துவிட்டீர்கள். ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி என ஏ9 வழியே, வீதியிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி, ஒவ்வோரிடத்திலும் அதே முறையில் எடுங்கள். சராசரி படிப்படியாக நகர்ந்தால் அது சரிவு. தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் பார்ப்பவருக்கு இரண்டு இனமாகத் தெரிவது, நடந்து பார்ப்பவருக்கு ஒன்றாகத் தெரியும். ஓரிடத்தில் சடுதியாகத் தாண்டினால் அந்த இடத்தைச் சுற்றி இன்னும் நெருக்கமாக எடுக்க வேண்டும்.

‘இரண்டையும் கலந்து பார்த்தோம், விதை பிடித்தது, ஆகவே ஒரே இனம்’ என்ற வாதம் ஓர்கிட்டுக்குப் பொருந்தாது. வண்டாவும் ரிங்கோஸ்டைலிசும் ஏரிடிசும் சாதி விட்டுச் சாதி கலந்து பிள்ளை தரும். பூந்தோட்டக்காரர்கள் பிழைப்பதே அதில்தான். சிங்கப்பூரின் தேசிய மலர் 1893இல் அறியப்பட்ட ஒரு கலப்பு. அதன் பெற்றோர் இரண்டும் ஐயமற்ற தனி இனங்கள். காட்டில் இவற்றைப் பிரித்து வைத்திருப்பது பெரும்பாலும் பூச்சியும் பூக்கும் காலமும் பொதி ஒட்டும் இடமும்தான். ஆகவே எந்தப் பூச்சி, எத்தனை மணிக்கு, தலையில் ஒட்டுகிறதா முதுகில் ஒட்டுகிறதா என்று குறித்த ஒரு வரி, கையால் செய்த பத்துக் கலப்புகளுக்கு மேல்.

ஐரோப்பியர் இந்தச் சண்டையை நீண்ட காலமாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அங்கே டக்டிலோரைசா என்ற நில ஓர்கிட்டுகளின் இலைப்புள்ளியும் உதட்டுக் கோலமும் ஒரு வயலிலேயே தாறுமாறாக மாறும். கூட்டங் கூட்டமாக அளந்ததோடு, கலத்தில் மரபணுக்களைச் சுமக்கும் நிறமூர்த்தங்களையும் எண்ணிய பிறகே தெளிவு வந்தது: ஒன்றைப்போல் ஒன்று தோன்றும் இரண்டு இனங்களில் பியூக்சியைக்கு 40, மக்குலாட்டாவுக்கு 80. ஓப்ரிஸ் சாதியில் இன்னும் தீரவில்லை. ஒரு தரப்பு பத்துச் சொச்சம் இனம் என்கிறது, மறுதரப்பு இருநூறுக்கு மேல் என்கிறது. பூ ஒன்றுதான், இடைவெளி எங்கே என்பதில்தான் பிணக்கு. டீஎன்ஏ பார்த்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்பாரும் உண்டு. இனத்தை அடையாளங்காண மரபுப் பட்டைக்குறியாகப் பயன்படும், இலையின் பச்சையவுருமணியிலுள்ள டீஎன்ஏத் துண்டுகள் அண்மையில் பிரிந்த இனங்களிடையே மாறாமலே இருக்கக்கூடும்; தவிர அது தாய்வழி மட்டும் வருவதால் கலப்பைக் காட்டாது. அளவெடுத்த அதே செடிகளிலிருந்து இலைத்துண்டு எடுத்துச் சிலிக்கா ஜெல்லில் உலர்த்தி வைத்தால் இரண்டையும் பிறகு பொருத்தலாம். அளவில்லாத டீஎன்ஏயும் பாதிக் கதைதான்.

நிழலா மரபா என்பதை அறிய ஒரே இடத்தில் வளர்த்துப் பார்ப்பதுதான் வழி. சுவீடனின் டூரெசன் 1922இலேயே இதைச் செய்து காட்டினார். இதற்குக் காட்டில் செடி பிடுங்க வேண்டாம். காற்றில் முறிந்த கிளை, வீதி அகலிப்பில் சரிந்த மரம் ஆகியவற்றில் வாடப்போகும் செடிகள் போதும், அவற்றுக்கும் உரிய அனுமதி பெற்ற பிறகு. எல்லாவற்றையும் 50 வீத நிழல்வலைக்குக் கீழே, ஒரே வகைக் கட்டையில், பாலைக் கட்டை கிடைத்தால் அதிலேயே, கட்டுங்கள். தென்னம் பொச்சில் கட்டினால் மாரியில் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் வன்னீர். தெளித்தால் வேரில் வெள்ளைப் படை படிந்து பஞ்சுபோன்ற மேற்தோல் உறிஞ்சாமல் போகும். பீப்பாயில் பிடித்த மழைத்தண்ணீரே ஏற்றது. கட்டிய பிறகு பலர் செய்யும் பிழை, ஆறு மாதத்தில் இலையை அளப்பது. ஏற்கெனவே வளர்ந்து முடிந்த இலை இடம் மாறினாலும் மாறாது. காட்டின் நிழலை அது சுமந்துகொண்டே இருக்கும். கட்டிய அன்று உச்சியிலுள்ள இலையில் நூல் கட்டிவிட்டு, நூலுக்கு மேலே புதிதாக வளர்ந்த இலைகளை மட்டும் அளக்க வேண்டும். வண்டா ஆண்டுக்குச் சில இலைகளே விடும் என்பதால் இரண்டு வருடத்துக்குக் குறைந்து விடை கிடைக்காது.

அளந்த கூட்டத்திலிருந்து பதப்படுத்தி வைத்த சான்றுச் செடி இல்லாத அளவுகள் பத்து வருடத்தில் பயனற்றுப் போகும். இடத்துக்கு ஒரு செடியின் தண்டுத் துண்டும் துணரும் போதும். தடித்த ஓர்கிட் இலை அழுத்தும் தாளுக்குள் வாரக்கணக்கில் உயிரோடிருந்து, பிறகு கழன்று கொட்டும். அதனால் பூவை விட்டு இலையையும் தண்டையும் சில விநாடி கொதிநீரில் தோய்த்துவிட்டு அழுத்துங்கள். தாளைத் தினமும் மாற்ற வேண்டும்; மாரியில் ஒரு நாள் தவறினாலும் பூஞ்சணம் பிடிக்கும். இரண்டு பூக்களை மெதைலேற்றட் ஸ்பிரிட் 70 பங்கு, தண்ணீர் 28, கிளிசரின் 2 என்ற கலவையில் போத்தலில் இடுங்கள். கிளிசரின் பூ நொறுங்காமல் காக்கும். ஊதா நிறம் கரைந்து போய்விடும் என்பதால் நிறக் குறிப்பு முன்பே இருக்க வேண்டும். போத்தலுக்குள் இடும் துண்டில் பென்சிலால் எழுதுங்கள்; பேனை மை ஸ்பிரிட்டில் அழிந்துவிடும். பேராதனையிலுள்ள தேசிய உலர்தாவரச் சாலையில் இலங்கை ஓர்கிட்டுகளின் பழைய மாதிரிகள் இருக்கின்றன. உங்கள் அளவுகள் அவற்றுக்குள் அடங்குகின்றனவா என்று அங்கே ஒப்பிடாமல் எதையும் புதிது என்று சொல்ல முடியாது. சயவீர 1981இல் வெளியிட்ட இலங்கை ஓர்கிட் தொகுதியில் இருக்கும் விவரணங்களும் பார்க்கவேண்டியவை. ஆனால் அங்கே தரப்படுவது ஓர் இனத்துக்குரிய அளவு எல்லைகள்தான். உங்கள் செடி அதற்கு இரண்டு மில்லிமீற்றர் வெளியே நிற்பது பெரும்பாலும் அந்த எல்லைகளை அகட்ட வேண்டும் என்பதன் அடையாளம்.

ஒதுக்கக் காட்டிலிருந்து பூவையும் எடுக்க வனத் திணைக்களத்தின் அனுமதி தேவை. சரணாலயம் என்றால் வனசீவராசிகள் திணைக்களம். ஓர்கிட் குடும்பம் முழுதும், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில் அடங்குவதால், காய்ந்த இலையை வெளிநாட்டு நிபுணருக்கு உறையில் போட்டு அனுப்புவதற்கும் பத்திரம் வேண்டும். மிதிவெடி அகற்றி முடியாத இடங்களில் மண்டையோட்டுப் பலகைக்கு அப்பால் எவ்வளவு நல்ல பூ தெரிந்தாலும் நீங்கள் நடக்கும் நேர்கோட்டை வளைத்துப் போடுங்கள். கூட்டத்தில் ஒரு செடி குறைவதால் சராசரி கெடாது. அதிகாலையில் குளத்து அலைகரைப் பக்கம் யானை நிற்கும் என்பதை வன்னியாருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உங்களிடம் எங்கள் வேண்டுகோள் சிறியது. ‘புதிய ஓர்கிட்’ என்று ஒரு படம் உங்கள் மேசைக்கு வந்தால் அனுப்பியவரிடம் நான்கைக் கேளுங்கள்: அதே இடத்தில் எத்தனை செடி பார்த்தீர்கள், அவற்றில் எத்தனை இப்படி இருந்தன, மகரந்தக் கூடு பூவில் இருந்ததா, சான்றுச் செடி எங்கே இருக்கிறது. ‘ஒன்றுதான் பார்த்தேன்’ என்று விடை வந்தாலும் படத்தைப் போடுங்கள், அழகான பூ அல்லவா. கீழே ‘வண்டா, நெடுங்கேணிக் காடு, வெளிறிய உதடு, ஒரு செடி’ என்று எழுதுங்கள். அடுத்த பருவத்தில் அந்தக் காட்டுக்குள் யாராவது வரைபுத்தாளோடு போனால், எந்த மரத்தடியில் தொடங்குவது என்று அவருக்கு அந்த ஒரு வரி போதும்.

இப்படிக்கு,
தாவரவியல் ஆசிரியர்கள் சிலர்,
வவுனியா வடக்கு.